மரத்தை விடத் தடித்த கிளை

அத்தியாயம் ஏழு

மிரான் எங்கள் ஆபீஸ் கதவைத் திறந்தபோது அவளுக்கு முன்னால் குளிர் உள்ளே வந்து, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. அவள் நின்றபடியே பேசினாள்.

"எங்க மாமனாரைக் காணோம். நேத்து காலையிலேருந்து."

அன்றைய குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தெக்வால்யோங் மலைப்பக்கம் ஜனவரி என்றால், சாதாரணமாகவே காக்கைகள் பறக்கப் பயந்து நடந்துதான் போகும். அன்றைக்கு அவை நடக்கவும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றதாகக் கேள்வி.

"வயசென்ன?" என்று கேட்டார் என் முதலாளியம்மா. நாம் ஓக்சுன் என்று பெயர். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தவில்லை.

"எழுபதைத் தாண்டிட்டாரு. யோம் சாங்தே. ரயில்வேல சிக்னல் பாத்துட்டு ரிட்டையர் ஆனவரு."

"போலீஸுக்குச் சொன்னியா?"

"எங்கயாவது சூடா உக்காந்து சீட்டாடிட்டிருப்பாரு, போய்ப் பாருங்கன்னாங்க. ஊரே தேடிச்சும்மா. பொதுக் குளியல் வீடு, பெரியவங்க கூடம், டீக்கடை, நூடுல்ஸ் கடை, சர்ச்சுல அடுப்பு ரூம்னு ஒரு இடம் பாக்கியில்ல."

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் விஷயத்துக்கே வந்தாள்.

"நான்தான் அவரைக் குளிர்ல போட்டு விரட்டிட்டேன்னு நாத்தனார் சொல்றாங்க. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அவரு உயிரோட வரலேன்னா, நான் துணிமணியை எடுத்துக்கிட்டு அம்மா வீட்டைப் பாக்கப் போயிடணுமாம். என் வீட்டுக்காரர் தேடப் போயிருக்காரு. இருந்திருந்தாலும் அக்கா முன்னாடி வாயத் தொறக்க மாட்டாரு."

நம் நாட்டில் 'துப்பறியும் நிபுணர்' என்று போர்டு மாட்டினால் போலீஸ் வந்து போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விடும். அதனால் எங்கள் போர்டில் 'எடுபிடி வேலை நிலையம்' என்றுதான் இருக்கும். பூனை தேடுவோம், புருஷன் தேடுவோம், முட்டைக்கோஸ் மூட்டை தூக்குவோம். எல்லாவற்றுக்கும் ஒரே கூலி. புருஷன்மார்கள் இதைக் கேட்டு வருத்தப்பட்டதுண்டு.

முதலாளியம்மா ஊசியைக் கீழே வைத்தார். அவர் ஊசியை வைப்பது அபூர்வம். அந்த ஸ்வெட்டரைப் பின்ன ஆரம்பித்தபோது அது எனக்கென்று சொன்னார். இப்போது எனக்கு அது பத்தாது.

"மான்சிக், வண்டியை எடு."

"காலையில அதுகிட்டப் பேசிப் பாத்தேன் முதலாளியம்மா. முனகுது."

"வெந்நீர் ஊத்து."

"எனக்கே இன்னும் ஊத்தலியே."

*

யோம் வீட்டு வாசலில் நாத்தனார் கும்ஜா நின்றிருந்தாள். ஜுமுன்ஜின் துறைமுகத்தில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள். கரையில் நின்றபடி நடுக்கடலில் இருக்கும் படகோடு விலை பேசிப் பழகிய குரல். அவள் சாதாரணமாகப் பேசினாலே கூரையில் கிடக்கும் பனி சரிந்து விழும். அன்றைக்கு அவள் சாதாரணமாகப் பேசவில்லை.

"யாரு இவங்க?"

"எடுபிடி நிலையத்துலேருந்து வர்றோம்," என்றேன்.

"எதை எடுத்து எதைப் பிடிக்கப் போறீங்க? எங்கப்பா போயே போயிட்டாரு! இவ போகவெச்சுட்டா!"

"அண்ணி, மெதுவா..." என்றாள் மிரான்.

"உனக்கு என்னடி மெதுவா? நேத்து பஸ்ஸை விட்டு இறங்கி நேரா அப்பா ரூமுக்குப் போறேன். தரையில காலை வெச்சேன். ஐஸு! ஜன்னல் ஒரு முழம் தொறந்து கெடக்கு. மெத்தை மடிச்சது மடிச்சபடி இருக்கு, யாரும் படுத்த மாதிரியே இல்ல. வயசான மனுஷனை ஐஸ் தரையில போட்டா அவரு எங்க போவாரு? எங்க விழுந்து கெடக்காரோ!" கடைசி வார்த்தையில் அந்தப் பெரிய குரல் உடைந்தது. அவள் அழுததை மறைக்க என்னை முறைத்தாள்.

"விடிகாலையில மண்ணெண்ணெய் தீந்து பாய்லர் நின்னு, தரை ஆறிப்போச்சு, அண்ணி."

"டேங்க் நெறைய ரொப்பினதாத் தம்பி சொன்னானே. இந்தச் சின்ன வீட்டுக்கு ரெண்டு மாசம் வரணும். அதுக்குள்ள எப்படித் தீரும்? குடிச்சியா?"

 மிரானின் சங்கடம் அதுதான். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

முதலாளியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரிய அறைக்குள் போனார். பெரியவரின் அறை. தரை இப்போதும் சில்லென்றுதான் இருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன், காலடித் தடம் தேடினேன், மோப்பம் பிடித்தேன். நிபுணர்கள் செய்வதையெல்லாம் செய்தேன். முதலாளியம்மா அலமாரி மேலிருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் போனால் ஏற்றுவதற்கு வைத்தது, திரி கருகாத புதுசு. ஆனால் மாமியாருக்கு நமஸ்காரம் பண்ணும் மருமகள் மாதிரி நெற்றி அலமாரியில் படும்படி குனிந்திருந்தது.

"ஏத்தாத மெழுகுவர்த்தி எப்பம்மா குனியும்?"

"அதுக்கு ஏதாவது வருத்தம் இருக்கும்," என்றேன்.

பக்கத்தில் பெரியவரின் மிட்டாய் டப்பா. ஜின்செங் மிட்டாய், தனித்தனியாகக் காகிதம் சுற்றியது. உள்ளே இப்போது ஒரே ஒரு மிட்டாய்தான் இருந்தது. எல்லாம் உருகி ஒன்றாகி, காகிதத்தோடு சேர்ந்து, டப்பாவின் வடிவத்திலேயே உறைந்திருந்தது. அதை முழுசாகச் சப்பி முடிக்க மூன்று தலைமுறை வேண்டும். மூலையில் தரை விரிப்பு சட்டியின் அடியில் பிடித்த சோறு நிறத்தில் தீய்ந்திருந்தது.

முதலாளியம்மா எழுந்து நேராகச் சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டார்.

"பெரியவரு அதுக்குள்ள இருக்க மாட்டாரு முதலாளியம்மா."

"வாயை மூடிக்கிட்டு டார்ச்சைக் காட்டு."

மேலே உத்தரத்தில் கும்ஜா கொண்டுவந்திருந்த கணவாய்க் கருவாட்டுக் கட்டு, வலை பின்னும் நீலக் கயிற்றில் கட்டித் தொங்கியது. அது என் தலையில் இடித்துக்கொண்டே இருக்க, நான் டார்ச்சைக் காட்டினேன். உள்ளே ஒரு பித்தளைக் கட்டை. பாய்லரிலிருந்து வெந்நீர் ஒரு குழாயில் வந்து அதில் இறங்கும். அங்கிருந்து ஒவ்வொரு அறையின் தரைக்கு அடியிலும் சுற்றிவர ஒவ்வொரு குழாயாகப் பிரியும். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. முதலாளியம்மா மட்டும் போன இலையுதிர் காலத்தில் தன் வீட்டுத் தரையைத் தோண்டிப் போட்டு, ஒவ்வொரு குழாயின் அளவுக்கும் ஆளோடு தனித்தனியாகச் சண்டை பிடித்தவர். அந்த வீட்டுப் பக்கமே வர மாட்டோம் என்று பாய்லர்காரர்கள் கூடிச் சபதம் எடுத்தார்கள்.

குழாயின் மேல் அச்சடித்திருந்த மில்லிமீட்டர் எண்களை உரக்கப் படித்தார்.

"சமையல்கட்டு, பதினைஞ்சு. மகன் ரூம், பதினைஞ்சு. பின் ரூம், பதினைஞ்சு. எல்லாம் சரி. பெரிய ரூம்..."

தலை இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று.

"செத்த எலி ஏதாவது இருக்கா?" என்றேன்.

"இருபத்தஞ்சு. அந்தக் குழாய் இருபத்தஞ்சு. பாய்லர்லேருந்து வர்றது எவ்வளவு, பாரு."

பார்த்தேன். "இருபதுதான். மரத்தை விடக் கிளை தடிச்சிருக்கே?"

முதலாளியம்மா வெளியே வந்து முட்டியைத் தட்டினார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அப்படியென்றால் உள்ளுக்குள் கும்மாளம் என்று அர்த்தம்.

"தண்ணி உன்னை மாதிரி, மான்சிக். சோம்பேறி. அகலமான வழி ஒண்ணு தொறந்திருந்தா, குறுகலான வழிக்குள்ள மெனக்கெட்டுப் போகாது. அதனாலதான் பாய்லர்லேருந்து வர்றதைத் தடியாப் போட்டு, ரூமுக்குப் போறதையெல்லாம் மெலிசா, ஒரே அளவாப் போடணும். ரூம் பெருசா இருந்தாலும் குழாயைத் தடிமனாக்கறதில்ல. ரெண்டு சுத்தாப் பிரிச்சு விடறதுதான். இங்க கெடக்கற கோலத்துக்கு, மொத்தச் சூடும் பெரிய ரூமுக்குப் போயிருக்கும். மத்த ரூமுக்கெல்லாம் விசாரிச்சதாச் சொல்லச் சொல்லியிருக்கும், அவ்வளவுதான். மத்த ரூம் சூடாகாததால பாய்லர் நிக்காம ஓடியிருக்கும், எண்ணெயைக் குடிச்சது அதுதான்."

மிரானைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்னத்தம்மா போட்டுக்கிட்டுத் தூங்கற?"

மிரான் தரையைப் பார்த்தாள். "ரெண்டு ஸ்வெட்டரு. அதுக்கு மேல அவரோட பட்டாளத்துக் கோட்டு."

"அப்ப அவரு?"

"அவரு என் முதுகுக்குப் பின்னால."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"மாமா ரூம் சூடா இருந்தாப் போதும்னு..."

"பாத்தீங்களா?" முதலாளியம்மா கும்ஜாவிடம் சொன்னார். "உங்கப்பாவை யாரும் குளிர்ல போடல. வேகப் போட்டிருக்காங்க."

"இதெல்லாம் இவ இப்ப மாத்தி வெச்சிருப்பா!"

"சிமெண்டு பூசின தரைக்கு அடியில போற குழாயை ஒரே ராத்திரியில மாத்தற மருமக கெடைச்சா, ரயில்வேக்காரன் மலையைக் குடைய வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போவான்," என்றேன்.

கும்ஜா என்னைத் திட்ட வாயைத் திறந்தாள். ஆனால் கண் அந்தத் தடித்த குழாயின் மேல் போயிற்று. தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அங்கே நின்றது. பிறகு அவள் திட்டாமலே வாயை மூடினாள். குளிரில் நாக்கு மரத்துப்போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

*

பாய்லர்காரன் மா தொக்பே தன் கடை அடுப்பின் மேல் கணவாய்க் கருவாட்டை வாட்டிக்கொண்டிருந்தான். முதலாளியம்மாவைப் பார்த்ததும் எழுந்து பின்வாசலைப் பார்த்தான். அந்த வாசலில் பனி இடுப்பளவு கிடந்ததால் உட்கார்ந்துவிட்டான்.

"உங்க வீட்டு வேலை முடிஞ்சு போச்சுல்ல அக்கா? அது முடிஞ்சு போச்சுதானே?"

"யோம் வீட்டு விஷயமா வந்தேன். பெரிய ரூமுக்கு இருபத்தஞ்சு போட்ட புத்திசாலி யாரு?"

"முதல்ல எல்லாத்துக்கும் பதினைஞ்சுதான் எழுதினேன், சத்தியமா. கைதுன்னா மூணு பேரையும் சேத்துக் கைது பண்ணுங்க."

"மூணு பேரா?"

தொக்பே ஒரு மடக்கு சோஜு சாராயம் குடித்துவிட்டு ஆரம்பித்தான். அந்த வீட்டுத் தரையைப் பிரித்துப் போட்ட அன்றைக்கே மருமகள் மிரான் தன் கையால் செய்த கொழுக்கட்டையோடு வந்தாளாம். மாமா ரூம் மட்டும் கொஞ்சம் நல்லா சூடா இருக்கட்டும், யாருக்கும் சொல்லாதீங்க என்றாளாம். அவன் பதினைந்தை இருபதாக்கினான். மறுநாள் மகன் கிஹ்வான் ஒரு கெட்டில் மக்கொல்லி அரிசிக் கள்ளோடு வந்து நின்றானாம். பேசவில்லை. பெரிய அறையைக் காட்டி, கட்டைவிரலால் தடிமன் காட்டி, உதட்டில் விரல் வைத்துவிட்டுப் போனானாம். இவன் இருபதை இருபத்தைந்தாக்கினான்.

"இருபத்தஞ்செல்லாம் வீட்டுத் தரைக்குப் போடற குழாயே இல்லக்கா. ஒரு பள்ளிக்கூட வேலைக்கு வாங்கினது மிச்சம் கெடந்துச்சு. அந்த மக்கொல்லி அவ்வளவு நல்லா இருந்துச்சு."

"பாய்லர்லேருந்து வர்ற குழாயையாவது மாத்தித் தொலைச்சியா?"

"அதுக்கு யாரும் வந்து எதுவும் குடுக்கலியே."

"மூணாவது ஆளு?"

"அவங்க வரும்போது எங்கிட்ட இருபத்தஞ்சுக்கு மேல குழாயே இல்ல. அதனால நெருக்கி வெச்சேன். ஒரு ஜாண் தள்ளித் தள்ளிப் போக வேண்டிய குழாயை நாலு விரலுக்கு நாலு விரல் வளைச்சேன். அது வளைய மாட்டேன்னுது. என் முழங்கையைக் கேளுங்க, சொல்லும்."

"வேண்டாம்னு ஒருத்தருக்கும் சொல்லத் தோணலியா உனக்கு?"

"பெத்தவருக்குச் சூடு வேணும்னு கண்ணுல தண்ணியோட வந்து நிக்கறவங்ககிட்ட வேண்டாம்னு சொல்ல நான் என்னக்கா மிருகமா?" தொக்பே நெஞ்சில் கை வைத்தான். கையில் கருவாடு இருந்தது.

"யாரு அது?"

"வாக்குக் குடுத்திருக்கேன். உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்." மென்றான். "கருவாடு வேணுமா? இந்தப் பக்கத்துல கெடைக்காது."

முதலாளியம்மா கருவாட்டை எடுக்கவில்லை. அதைக் கட்டி வந்த நீலக் கயிற்றை மேஜையிலிருந்து எடுத்து, விரலில் சுற்றி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்வெட்டருக்கு என்று நினைத்து நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

வெளியே வந்ததும் நடுத்தெருவில் நின்றார்.

"ஊர்க்காரங்க எங்கெங்கடா தேடினாங்க?"

"குளியல் வீடு, டீக்கடை, நூடுல்ஸ் கடை..."

"எல்லாம் சூடான இடம். குளிர்ல நடுங்கற கெழவனைத் தேடியிருக்காங்க. நாம தேட வேண்டியது வெந்துபோன கெழவனை."

"அப்ப குளிரான இடத்துலதான் தேடணும். கஷ்டமே இல்ல. இந்த மாவட்டம் மொத்தமும் குளிரான இடம்தான்."

"சும்மா தெருவுல நின்னா, ஏன் நிக்கறீங்கன்னு நாலு பேரு கேப்பாங்க, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவாங்க. குளிர்ல நிக்கறதுக்கு ஒரு நியாயம் இருக்கற இடமா இருக்கணும்."

"ஜனவரியில குளிர்ல நிக்கணும்னே நம்ம ஊருக்கு வர்றது களத்துல காயற மியோங்தே மீனு ஒண்ணுதான் முதலாளியம்மா."

நான் அதைச் சிரிப்புக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன?" என்றேன்.

"உனக்குப் புத்தி இல்லேன்னு யாருடா சொன்னது?"

"நீங்கதான். காலையிலகூட."

"வண்டியை எடு."

*

கும்ஜாவையும் மிரானையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறினோம். குட்டி லாரியின் முன்பக்கம் மூன்று பேர் இடத்தில் நான்கு பேர். கியர் மாற்றும்போதெல்லாம் கும்ஜாவின் முழங்காலிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அவள் அனுமதியைச் சுலபத்தில் கொடுப்பவள் இல்லை. பாதி மலையை இரண்டாவது கியரிலேயே ஏறினேன்.

"செத்த மீனோட எங்கப்பாவுக்கு என்னய்யா வேலை?"

"செத்த மீன் யாரையும் தொந்தரவு பண்ணாதுங்க," என்றேன்.

மிரான் மலையை நோக்கி இறங்கும் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் மாமனாரின் கம்பளி உள்ளாடை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவர் அதை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று கவலையோடு எடுத்து வந்திருந்தாள்.

மேட்டில் மீன் காயும் களம். மரச்சட்டங்களில் மியோங்தே மீன்களை வாயில் கோத்து மாட்டிவிடுவார்கள். இரவில் உறைந்து, பகலில் இளகி, பனிக்காலம் முழுக்க அப்படியே தொங்கி மஞ்சளாகும். நாட்டின் ஜனத்தொகையை விட அங்கே மீன்கள் அதிகம். மீன்கள் ஓட்டுப் போட்டால் ஆட்சி மாறும். சைபீரியாவிலிருந்து கிளம்பும் காற்று வழியில் எங்கும் நிற்காமல் நேராக அங்கேதான் வந்து இறங்கும். இமைத்தால் இமை ஒட்டிக்கொள்ளும் என்பதால் நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்து நடந்தேன்.

காவல் குடிசையின் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அடுப்பு அணைந்து சாம்பல்கூடச் சில்லிட்டிருந்தது. ஒரு போர்வை கிடந்தது. பெரியவரின் பஞ்சுக் கோட்டு விறைத்துப்போய், உள்ளே ஆள் இல்லாமலே மூலையில் நின்றுகொண்டிருந்தது.

"அது மாமாவோட கோட்டு," என்றாள் மிரான்.

கோட்டு இல்லாமல், அந்தக் காற்றில். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. மிரான் வெளியே வந்து பனியில் அப்படியே மண்டியிட்டாள். அந்தக் கம்பளி உள்ளாடையை மார்போடு அணைத்துக்கொண்டு, "மாமா!" என்று கத்தினாள். கும்ஜாவும் பக்கத்தில் விழுந்தாள். அவள் போட்ட "அப்பா!"வில் மூன்று வரிசை மீன்கள் ஆடின.

"யாரு செத்தது?"

குரல் பின்னாலிருந்து வந்தது. மீன் வரிசைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கிழவர் வந்தார். சட்டைக் கைகளை முழங்கை வரை சுருட்டியிருந்தார். கன்னம் இரண்டும் செவசெவ என்று பழுத்திருந்தன. கையில் ஒரு மியோங்தே. இருவரையும் குனிந்து பார்த்து, யார் போய்விட்டார்கள் என்று நிஜமான அக்கறையோடு காத்திருந்தார்.

கொஞ்ச நேரம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியதால் எழுத எதுவும் இல்லை.

"என்ன குறை வெச்சேன் மாமா?" என்று கடைசியில் கேட்டாள் மிரான். "ஏன் இப்படிப் பண்ணீங்க?"

பெரியவர் மருமகளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கையிலிருந்த மீனைப் பார்த்தார், அதுவும் உதவவில்லை.

"சும்மா காத்து வாங்கலாம்னு வந்தேன்."

"நேத்துலேருந்தா?"

"காத்து நல்லாருந்துச்சு."

"பெரியவரே," என்றார் முதலாளியம்மா. "முதுகு எப்படி இருக்கு?"

யோம் சாங்தே இந்தப் புது மனுஷியை நெடுநேரம் பார்த்தார். தனக்குப் புரிந்த பாஷையில் ஒருத்தர் பேசிவிட்ட மாதிரி அவர் தோள் தளர்ந்தது.

"ஒரு பக்கம் வெந்துடுச்சும்மா. திருப்பிப் போடத்தான் ஆளில்ல."

அதற்குப் பிறகு வார்த்தை தானாக வந்தது. "குறை சொல்ல முடியாதும்மா. ஒருத்தர் வந்து காதுல சொன்னாங்க, உங்க ரூம் சூடு என் ஏற்பாடு, யாருக்கும் சொல்லாதீங்கன்னு. எனக்கு ஆகாசத்துல பறக்கற மாதிரி இருந்துச்சு. பெரியவங்க கூடத்துல போய்ப் பீத்திக்கிட்டேன். அப்புறம் இன்னொருத்தர் வந்து அதையே சொன்னாங்க. அப்புறம் மூணாவது ஒருத்தர். மூணு பேருக்கும் வாக்குக் குடுத்துட்டேன். சூடு தாங்கலேன்னு இனிமே யார்கிட்டப் போய்ச் சொல்றது? சொன்னா மூணு பேரு மனசும் வெந்துபோகும். ஜன்னலைத் தொறந்து பாத்தேன். அலமாரி மேல ஏறி உக்காந்து பாத்தேன். எண்ணெய் தீர்ந்ததே தெரியாது, அதுக்கு முன்னாடியே கெளம்பிட்டேன். இங்க காவலுக்கு ஆள் வேணும்னு சிநேகிதன் சொன்னான். அம்மாடி, இங்க என்ன சுகம்! ராத்திரி நல்லாத் தூங்கினேன்."

"மூணு பேரா?" என்றாள் கும்ஜா. அவசியத்துக்கு மேல் உரக்கக் கேட்டாள். "தம்பி ஒருத்தன், இவ ஒருத்தி, சரி. மூணாவதா யாரு?"

முதலாளியம்மா பையிலிருந்து அந்த நீலக் கயிற்றை எடுத்தார். வலை பின்னும் கயிறு. உத்தரத்தில் கருவாடு கட்டியிருந்த அதே கயிறு. கும்ஜாவின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார்.

"தொக்பே கடையில கெடந்துச்சு. உங்களுக்கு உபயோகப்படும்னு எடுத்து வந்தேன்."

நடுக்கடலில் படகைத் திருப்பும் குரல் எங்கேயோ போய்விட்டது. கும்ஜா கயிற்றைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மிரானைப் பார்க்காமல் அவளிடம் சொன்னாள், எனக்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது:

"அவ்வளவு சொல்லி நெருக்கி வைக்கச் சொன்ன ரூமு. ஐஸா இருந்துச்சா, நீ வேணும்னே அடைச்சுட்டேன்னு நெனைச்சுட்டேன். வெளிய சொல்லவும் முடியல."

"சரி அண்ணி," என்றாள் மிரான். முகத்தில் ஒன்றும் இல்லை.

"மூக்கு ஒழுகுது பாரு, தொடை." கைக்குட்டையை நீட்டினாள். அதுதான் மன்னிப்பு. கருவாட்டு வாசனையோடு வந்தது.

பெரியவர் மீனை அதன் இடத்தில் திரும்ப மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டார். சிக்னல்காரர் அல்லவா, கொடி காட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வீட்டுக்கு வர்றேன். ஆனா அந்த ரூமுக்குள்ள காலை வைக்க மாட்டேன். பெரிய ரூம் இன்னிக்கிலேருந்து மிரானோடது."

காற்று நின்றது என்று சொல்ல மாட்டேன். அந்த மேட்டில் அது நிற்பதில்லை. ஆனால் கும்ஜாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. எங்கள் பக்கத்தில் பெரிய அறை என்றால் நான்கு சுவரும் ஜன்னலும் மட்டும் இல்லை. அதில் படுப்பவர் வைத்ததுதான் வீட்டில் சட்டம். உக்கிராண அறைச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும், விருந்தாளிக்கு இடம் காட்டுவதும் அவர்தான். அதை மருமகளிடம் கொடுப்பது, வீட்டைக் கொடுப்பது.

"அப்பா, அது அம்மா இருந்த ரூம்..."

"உங்கம்மா இருந்திருந்தா தரை பூசின அன்னிக்கே குடுத்துட்டு ஓடியிருப்பா."

"என்னால எப்படி மாமா? நீங்க எங்க படுப்பீங்க?"

"பின் ரூம்ல. அங்க வெந்நீர் எட்டிக்கூடப் பாக்கறதில்லையாமே?" பெரியவரின் கண்ணில் ஆசை மின்னியது.

*

நாங்கள் இறங்கி வந்தபோது பொழுது இன்னும் சாயவில்லை. கிஹ்வான் மண்ணெண்ணெய் வாங்கி ஊற்றி, பாய்லரை முடுக்கிவிட்டு, வாசலில் நின்று அப்பாவைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான். அதையும் சத்தமில்லாமல்தான் செய்தான். பெரியவர் அவன் தலையைத் தடவிவிட்டு, நேராகப் பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளிருந்து நிம்மதியான ஒரு முனகல் கேட்டது.

மிரான் பெரிய அறையின் கதவைத் திறந்தாள். ஒரு அனல் எங்கள் முகத்தில் வந்து மோதியது. என் மீசையில் உறைந்திருந்த பனி, தண்ணீராகிற வேலையை விட்டுவிட்டு நேராக ஆவியாயிற்று. முதலாளியம்மா வாசற்படியைத் தாண்டவில்லை. என் சட்டையையும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

மிரான் உள்ளே போனாள். ஒரு நிமிஷம் அறை நடுவில் நின்றாள். பிறகு மெத்தையிருக்கை ஒன்றை எடுத்து, தரை தீய்ந்திருந்த அந்த மூலையில் போட்டு, கையால் நீவிவிட்டாள். அராங்மோக். எந்த வீட்டிலும் தரை அதிகம் சுடும் இடம். குளிரில் வந்த விருந்தாளியை அங்கேதான் உட்காரவைப்போம். வேண்டாம் என்று சொன்ன விருந்தாளி இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

"வாங்க அண்ணி. உக்காருங்க. எவ்வளவு குளிர்ல அலைஞ்சுட்டு வந்திருக்கீங்க."

கும்ஜா மூலையைப் பார்த்தாள். அதற்கடியில் நாலு விரலுக்கு நாலு விரல் என்ன ஓடுகிறது என்று உலகத்தில் அவளுக்கும் தொக்பேக்கும்தான் முதலில் தெரியும். உட்கார்ந்தாள். மிரான் அவள் முழங்காலுக்கு மேல் கனமான போர்வை ஒன்றைப் போர்த்தினாள். ஓரங்களைப் பரிவோடு செருகினாள். இன்னொன்றும் போர்த்தினாள்.

"போதுமா அண்ணி?"

"ம். நல்லாருக்கு." கும்ஜாவின் கழுத்து சிவந்து, நெற்றியில் முத்து முத்தாக அரும்பியது.

"சமையல் ஆகக் கொஞ்சம் நேரமாகும். இந்தத் தடவை ஒரு வாரமாவது இருந்துட்டுத்தான் போகணும். இந்த ரூம்லயே படுத்துக்கலாம்."

கும்ஜா போர்வைக்குள் ஒரு பக்கம் சாய்ந்தாள். மறுபக்கம் சாய்ந்தாள். பிறகு, படகுக்காரர்கள் யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னாள்:

"மிரான், அந்த ஜன்னலை ஒரு முழம் தொறந்து விடேன்."

மிரான் கதவருகில் நின்று திரும்பினாள்.

"ஐயோ, எப்படி அண்ணி? நாத்தனாரைக் குளிர்ல போட்டுட்டேன்னு ஊரு சொல்லாதா?"